ஜாமீன்: கைதான நாள் முதல் சிறை வாசல் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் தமிழ்நாட்டில் நடக்கும் குற்ற வழக்குகளுக்கானவை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.), இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.) நடைமுறையில் இருக்கின்றன. கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய பிரிவு எண்களே பேச்சில் இருப்பதால், முக்கியமான இடங்களில் இரண்டையும் தந்திருக்கிறோம். வெறும் எண்ணாக இருப்பது பி.என்.எஸ்.எஸ். பிரிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜாமீன் உத்தரவு வாங்குவது பாதி வேலைதான். உத்தரவு வந்த பிறகும் ஜாமீன்தாரர் இல்லாமல், தாள் சரியில்லாமல், ஒரு தேதியைத் தவறவிட்டதால் உள்ளேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மறுபாதிக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

வீட்டில் ஒருவரை போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதல் வேலை என்ன?

நான்கு விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: எந்தக் காவல் நிலையம், குற்ற எண், என்னென்ன பிரிவுகள், எந்த மாஜிஸ்திரேட்டிடம் ஆஜர்படுத்தப் போகிறார்கள். இந்த நான்கும் இல்லாமல் எந்த வழக்கறிஞராலும் மனு எழுத முடியாது. கைதுக்கான காரணத்தைக் கைதானவரிடம் சொல்ல வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 47). உறவினருக்கோ அவர் சொல்லும் வேறொருவருக்கோ தகவல் தர வேண்டும் (48). அவர் ஸ்டேஷனில் இருக்கும்போதே வழக்கறிஞரைச் சந்திக்கவும் உரிமை உண்டு (38). முதல் தகவல் அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். பாலியல் குற்றம் போன்ற வழக்குகளின் அறிக்கையை மட்டும் அங்கே போட மாட்டார்கள்.

கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் இதற்கு விலக்கல்ல. விடுமுறை நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். அந்தச் சில நிமிடங்களை வீணாக்கக் கூடாது. அடிபட்டிருந்தால் அங்கேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்வார். சர்க்கரை, வலிப்பு, இதய நோய்க்கு மருந்து எடுப்பவரென்றால் மருத்துவச் சீட்டின் நகலை வழக்கறிஞரிடம் கொடுத்தனுப்புங்கள். சிறையில் மருந்து கிடைக்கவும், பிறகு ஜாமீன் மனுவில் காட்டவும் அது உதவும்.

எல்லா வழக்கிலும் கோர்ட்டுக்குப் போனால்தான் ஜாமீனா?

இல்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்று சட்டத்தின் முதல் அட்டவணையில் குறிக்கப்பட்டிருந்தால் ஜாமீன் உரிமை. யாருடைய தயவும் தேவையில்லை. ஸ்டேஷனிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம் (478, பழைய 436). சாதாரணக் காயம் ஏற்படுத்துதல், வழிமறித்தல், கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்துதல் (பி.என்.எஸ். 106(1)) ஆகியவை இந்த வகை. விபத்து வழக்கில் டிரைவரை "பெயில் கிடைக்காது" என்று யாராவது பயமுறுத்தினால், எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

திருட்டு, மோசடி, கொலை முயற்சி, கொலை, மனைவியைக் கொடுமைப்படுத்துதல் (பி.என்.எஸ். 85, பழைய 498ஏ) ஆகியவற்றில் ஜாமீன் கொடுப்பது கோர்ட்டின் முடிவு. எஃப்.ஐ.ஆரில் பத்துப் பிரிவு இருந்து, அதில் ஒன்று மட்டும் இந்த வகையாக இருந்தாலும் ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. அதனால்தான் பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறோம்.

தண்டனை 7 ஆண்டு வரைதான். அப்படியும் கைது செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கைது ஏன் அவசியம் என்று காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் 35(3) நோட்டீஸ் (பழைய 41ஏ) கொடுத்து விசாரணைக்கு அழைக்க வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. 2022-ல் சதேந்தர் குமார் அண்டில் வழக்கில், இந்த விதியை மீறிக் கைது செய்தால் அதுவே ஜாமீனுக்குக் காரணம் என்றும் சொன்னது. புதிய சட்டத்தில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றம், கைதாகவிருப்பவர் 60 வயதைத் தாண்டியவர் அல்லது உடல் நலிந்தவர் என்றால், டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது (35(7)).

நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதியில் போய் ஆஜராகி, ஆஜரானதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

மனுவை எந்தக் கோர்ட்டில் போடுவது?

ரிமாண்டு செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) ஜூடிசியல் மாஜிஸ்திரேட்டில் தொடங்கலாம் (480, பழைய 437). மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களில் மாஜிஸ்திரேட்டின் கை பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கும். அங்கே தேவையில்லாமல் நாளைப் போக்காமல் நேராக மாவட்ட அமர்வு நீதிமன்றம் போவது நல்லது (483, பழைய 439). பெண்கள், சிறுவர், நோயாளிகள், உடல் நலிந்தவர்கள் என்றால் அத்தகைய வழக்கிலும் மாஜிஸ்திரேட் ஜாமீன் தரலாம். பல மனுக்களில் இந்த விலக்கைக் குறிப்பிடவே மறந்துவிடுகிறார்கள்.

அமர்வு நீதிமன்றம் தள்ளுபடி செய்தால் உயர் நீதிமன்றம். தென் மாவட்ட வழக்குகளுக்கு மதுரைக் கிளை.

மனு ஏன் தள்ளுபடி ஆகிறது?

நீதிபதி மூன்றைப் பார்க்கிறார்: ஓடிவிடுவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, மறுபடி குற்றம் செய்வாரா. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் "மனுதாரர் நிரபராதி, பொய் வழக்கு" என்று மட்டும் நான்கு பக்கம் எழுதுவதில் பயனில்லை. எத்தனை ஆண்டாக அதே ஊரில் குடியிருக்கிறார், என்ன வேலை, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், முன்வழக்கு உண்டா, பொருள் மீட்கப்பட்டுவிட்டதா, காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா, சக குற்றவாளிக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறதா – இவைதான் எடையுள்ள விவரங்கள். விசாரணை தொடக்க நிலையில் இருக்கிறது என்பது அரசு வழக்கறிஞர் சொல்லும் வழக்கமான ஆட்சேபம். முதல் வாரத்தில் எடுபடும் அந்த வாதம், முப்பது நாள் கழித்து எடுபடாமல் போகும்.

காயமடைந்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவசரப்பட்டு மனுப் போட்டுத் தள்ளுபடி வாங்குவது பலர் செய்யும் தவறு. அடுத்த மனுவுக்கு "சூழ்நிலை மாறியிருக்கிறது" என்று காட்ட வேண்டிவரும். முந்தைய மனுக்களையும் அவற்றின் முடிவையும் மறைக்கவே கூடாது. எல்லாவற்றையும் மனுவிலேயே சொல்ல வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்வழக்கை மறைப்பதும் இதே போன்றதுதான். போலீஸ் தரப்புப் பட்டியலை வாசித்ததும் மனுவின் மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும்.

60 நாள், 90 நாள் என்கிறார்களே, அது என்ன?

போலீஸ் குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், வழக்கு எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் ஜாமீன் உரிமையாகிவிடும் (187(3), பழைய 167(2)). மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறை என்ற குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். "10 ஆண்டு வரை" என்று அதிகபட்சம் மட்டும் சொல்லும் பிரிவுகளுக்கு 60 நாள்தான் என்று பழைய சட்டத்தின் கீழ் 2017-ல் ராகேஷ் குமார் பால் வழக்கில் தீர்ப்பு வந்தது. மோசடிக்கு (பி.என்.எஸ். 318(4)) 7 ஆண்டு என்பதால் 60 நாள், கொலைக்கு 90 நாள்.

கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்டு நாளிலிருந்து. ரிமாண்டு நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. மார்ச் 1 ரிமாண்டு என்றால் ஏப்ரல் 29 அறுபதாவது நாள். ஏப்ரல் 30 காலை உரிமை பிறக்கிறது. 90 நாள் வழக்கென்றால் மே 29 முடிந்து மே 30.

இந்த உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது. மனுப் போட்டால்தான் உண்டு. நீங்கள் மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். போட்ட பிறகு வந்தால் போகாது. சென்னையில் நடந்த ஒரு போதைப்பொருள் வழக்கு (அங்கே கெடு 180 நாள்) இதற்கு நல்ல உதாரணம். 181-ஆம் நாள் காலை 10.30 மணிக்கு ஜாமீன் மனு தாக்கலானது. அன்று மாலை, வாதம் முடிந்த பிறகு, விசாரணை அமைப்பு கூடுதல் குற்றப்புகாரைத் தாக்கல் செய்தது. சிறப்பு நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது. எனவே 61-ஆம், 91-ஆம் நாள் எது என்று இப்போதே காலண்டரில் குறித்து, முந்தைய நாளே மனுவைத் தயாராக வைத்திருங்கள். ஜாமீன்தாரர்களையும் தயாராக வைத்திருங்கள்: உத்தரவு வந்தும் குறித்த காலத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்காமல், இடையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமையும் கைநழுவும்.

"10,000 ரூபாய் ஜாமீன்" என்று உத்தரவு. அந்தப் பணத்தை எங்கே கட்டுவது?

எங்கேயும் கட்ட வேண்டாம். அதிகமான குடும்பங்கள் ஏமாறும் இடம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

"10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும்" என்றால், "ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராவேன், தவறினால் 10,000 ரூபாய் கட்டுகிறேன்" என்று குற்றம்சாட்டப்பட்டவர் எழுதிக் கொடுக்கிறார். "இவரை ஆஜராக வைக்கிறோம், தவறினால் நாங்கள் ஆளுக்கு 10,000 கட்டுகிறோம்" என்று இரண்டு ஜாமீன்தாரர்களும் எழுதிக் கொடுக்கிறார்கள். அன்றைக்குப் பணம் எதுவும் கைமாறாது. ஆள் தலைமறைவானால்தான் தொகை கேட்கப்படும். அமெரிக்கப் படங்களில் வருவதுபோல் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் எடுத்துத் தரும் நிறுவனங்கள் நம் சட்டத்தில் இல்லை. "கோர்ட்டுக்கு 50,000 கட்டணும், கொடுங்க" என்று யாராவது கேட்டால், எந்த உத்தரவில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

விதிவிலக்கு உண்டு. சில உத்தரவுகளில் குறிப்பிட்ட தொகையை வழக்குக் கணக்கில் டெபாசிட் செய்யச் சொல்வார்கள். அது உத்தரவிலேயே எழுதியிருக்கும், கட்டியதற்கு ரசீதும் கிடைக்கும். மோசடி வழக்குகளில் இது அதிகம். ஜாமீன் விசாரணை என்பது கடன் வசூல் செய்யும் இடமல்ல என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், கட்ட முடியாத தொகை விதிக்கப்பட்டால் அதை எதிர்த்துப் போகலாம். பிணைத்தொகை மிகையாக இருக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே உள்ளது (484). குறைக்கச் சொல்லி அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம்.

ஜாமீன்தாரர் யாராக இருக்கலாம்? என்னென்ன கொண்டுவர வேண்டும்?

18 வயது நிறைந்த, முகவரியும் வசதியும் காட்டக்கூடிய எவரும் இருக்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவுகளில் இருவரில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று சில நேரம் எழுதியிருப்பார்கள். அந்த வரியைக் கவனமாகப் படித்துவிட்டு ஆள் தேடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள், நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது அல்லது பட்டா. எல்லாவற்றுக்கும் அசலும் நகலும் வேண்டும். சம்பளக்காரர் என்றால் சம்பளச் சான்று. தொகை பெரிதாக இருந்தால் சொத்து மதிப்புச் சான்று கேட்கும் கோர்ட்டும் உண்டு, அதை வி.ஏ.ஓ., தாசில்தார் அலுவலகத்தில் வாங்கச் சில நாள் ஆகும் என்பதால், உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் முன்பே விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் கேட்கும் தாள் சற்று மாறும். முந்தைய நாள் மாலையே பெஞ்ச் கிளார்க்கிடம் வழக்கறிஞர் மூலம் கேட்டுக்கொள்வது ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

தாள் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் சின்னக் காரணங்களுக்குத்தான். வரி ரசீது காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறது. ஆதாரில் "முருகேசன்", பட்டாவில் "மு. முருகேஷ்". ரசீது இரண்டு ஆண்டு பழையது. பெயர் மாற்றம் சிக்கலென்றால் வேறொரு ஜாமீன்தாரரைத் தேடுவதே விரைவு. உத்தரவில் இருவர் என்றிருந்தாலும் மூன்றாவதாக ஒருவரைத் தயாராக வைத்திருங்கள்.

ஜாமீன்தாரர் மாஜிஸ்திரேட் முன் நேரில் வந்து, ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்ற விவரத்தோடு உறுதிமொழி தர வேண்டும் (486). புகைப்படம் ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைப்பார்கள். "இவர் உங்களுக்கு என்ன வேண்டும்? எவ்வளவு நாளாகத் தெரியும்? எதற்கு ஜாமீன் நிற்கிறீர்கள்?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பதில் தெரியாமல் முழிப்பவரை ஏற்க மாட்டார். கோர்ட் வாசலில் காசுக்குக் கிடைக்கும் ஆளைக் கூட்டிப் போகவே போகாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாவதோடு புது வழக்கும் சேரும்.

ஜாமீன் நிற்க யாருமே இல்லை. பிழைக்க வந்த ஊர்.

சட்டம் இதை யோசித்திருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாதவரை, வசதியற்றவர் என்று கருதி சொந்தப் பிணையிலேயே விட வேண்டும் (478-இன் விளக்கம்).

மற்ற வழக்குகளில் நிபந்தனையை மாற்றக் கேட்டு மனுப் போட வேண்டும். ஜாமீன்தாரருக்குப் பதில் ரொக்கம் கட்டவும் அனுமதி கேட்கலாம் (490). உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே மோதி ராம் வழக்கில் கண்டித்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்த வழக்கு அது. பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் ஒரு தமிழரோ மலையாளியோ உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதில் கேட்டார். இன்று திருப்பூரில் கைதாகும் பீகார் தொழிலாளிக்கும் அதே கேள்விதான்.

ஒருவர் மேல் பல வழக்குகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டு பேர் தேட முடியாத நிலையில், அதே ஜாமீன்தாரர்கள் பல வழக்குக்கும் நிற்கலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது.

பணமே தடை என்றால் ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 2023-ல் வெளியான வழிகாட்டுதலின்படி விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை பிணைத்தொகை கட்ட உதவி இருந்தது; இப்போதைய வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், போதைப்பொருள், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் (யு.ஏ.பி.ஏ.) போன்ற வழக்குகளுக்கு இது பொருந்தாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு (இலவசச் சட்ட உதவி தரும் அமைப்பு) வழியாகத்தான் கேட்க வேண்டும்.

உத்தரவு வந்து பத்து நாளாகியும் ஆள் வெளியே வரவில்லை. ஏன்?

ஒவ்வொரு படியாகப் பாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின் நகல் கீழ்க் கோர்ட்டுக்குப் போய்விட்டதா? ஜாமீன்தாரர் பத்திரம் ஏற்கப்பட்டதா? விடுதலை உத்தரவு சிறைக்குப் போனதா? நேரம் தாழ்ந்து போனால் மறுநாள்தான். பெயர், தந்தை பெயர், குற்ற எண், பிரிவு எல்லாம் சிறைப் பதிவோடு ஒத்திருக்கிறதா? ஓர் எழுத்துப் பிழைக்கும் சிறை திருப்பி அனுப்பும். கோர்ட்டில் திருத்தி வாங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் விடவில்லை என்றால், வேறொரு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் இருக்கும். அந்த வழக்கிலும் ஜாமீன் வாங்காமல் கதவு திறக்காது. எல்லா வழக்குகளையும் முதல் நாளே கேட்டு எழுதிவைக்கச் சொல்வது இதனால்தான்.

2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்கள் இங்கே உங்கள் கையில் உள்ள கருவி. உத்தரவின் மின்நகல் அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்குச் சேர வேண்டும். 7 நாளில் விடுதலையாகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் கோர்ட் தானாகவே எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். யாராவது தானாகச் செய்வார்கள் என்று காத்திருக்காமல், இந்த வழிகாட்டுதலைச் சொல்லி எட்டாவது நாளே செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்.

தினமும் காலை 10.30-க்குக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். வேலை போய்விடும்போல் இருக்கிறது.

நிபந்தனைத் தளர்வு மனுப் போடலாம். நிபந்தனை விதித்த அதே கோர்ட்டில்தான் போட வேண்டும். சில வாரம் ஒரு நாளும் தவறாமல் கையெழுத்திட்டிருந்தால் வாரம் ஒருமுறை என்று குறைக்கவோ, முழுவதும் நீக்கவோ வாய்ப்பு நன்றாக இருக்கும். நடுவில் இரண்டு நாள் போகாமல் விட்டுவிட்டு இந்த மனுவைப் போட்டால் எடுபடாது. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றோடு அன்றே ஸ்டேஷனுக்கும் வழக்கறிஞருக்கும் தெரிவியுங்கள். ஸ்டேஷனில் கையெழுத்துப் புத்தகத்தைத் தரவில்லை, "நாளைக்கு வா" என்கிறார்கள் என்றால், சும்மா திரும்பிவிடாமல் அன்றே எழுத்து மூலம் தகவல் கொடுத்து வையுங்கள்.

செல்போனில் கூகுள் மேப் வழியாக இருப்பிடத்தைப் போலீஸுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் செல்லாது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது.

முன்ஜாமீன் எப்போது கேட்கலாம்?

ஜாமீனில் விட முடியாத குற்றத்தில் கைதாகலாம் என்று நம்பக் காரணம் இருந்தால், எஃப்.ஐ.ஆர். போடும் முன்னரே கேட்கலாம் (482, பழைய 438). அமர்வு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் மட்டுமே. மாஜிஸ்திரேட்டுக்கு இந்த அதிகாரம் இல்லை. மனுப் போட்டதாலேயே கைதுக்குத் தடை வந்துவிடாது. இடைக்கால உத்தரவு இருந்தால் மட்டுமே பாதுகாப்பு.

முன்ஜாமீன் கிடைத்தவர்கள் கவனிக்காமல் விடும் வரி ஒன்று உண்டு. "உத்தரவு நகல் தயாரான 15 நாட்களுக்குள் சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் முன் ஆஜராகிப் பிணை கொடுக்க வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். கிடைத்துவிட்டது என்று ஊருக்குப் போய்விட்டால் அந்த உத்தரவு தானாகக் காலாவதியாகிவிடும். நாள் தவறப்போகிறது என்றால் முன்கூட்டியே கால நீட்டிப்பு கேளுங்கள். பிணை கொடுத்த பிறகு, பொதுவாக வழக்கு முடியும்வரை பாதுகாப்பு தொடரும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது.

எந்த வழக்குகளில் ஜாமீன் கடினம்?

போதைப்பொருள் வழக்கில் எல்லாமே எடையைப் பொறுத்தது. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவென்றால், குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் மீண்டும் செய்ய மாட்டார் என்று கோர்ட் திருப்தி அடைய வேண்டும் (போதைப்பொருள் சட்டம், பிரிவு 37). குற்றப்பத்திரிகைக்கான கெடுவும் அங்கே 180 நாள். அதனால் பறிமுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவு) எழுதியிருக்கும் எடையைக் கவனமாகப் பாருங்கள்: சாக்கோடு எடை போட்டார்களா, எத்தனை பேர் மேல் அந்த எடை சுமத்தப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் பெரிய வித்தியாசம் தரும்.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் பொதுவாக முன்ஜாமீன் கிடையாது. ஜாமீன் மனு சிறப்பு நீதிமன்றத்தில். அங்கே மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடாகத்தான் போக வேண்டும் (அதே சட்டம், 14ஏ). பாதிக்கப்பட்டவரின் தரப்பையும் கோர்ட் கேட்கும். அது அவர்களுடைய உரிமை, அவசியமானதும்கூட.

குண்டர் சட்டம் வேறு கதை. 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது தமிழ்நாடு சட்டம் தடுப்புக்காவல் சட்டம். அதில் ஜாமீன் என்ற பேச்சே இல்லை. வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். காவலுக்கான காரணங்கள் 5 நாளில் கைதிக்குத் தரப்பட வேண்டும். அரசிடமும் அறிவுரைக் குழுமத்திடமும் முறையிடலாம். பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் ஆவணம் தந்திருந்தாலோ, மனுவைப் பரிசீலிக்கக் காரணமில்லாமல் தாமதித்திருந்தாலோ காவல் உத்தரவு ரத்தாகக்கூடும். எனவே கைதிக்குத் தந்த கட்டு முழுவதையும், ஒரு பக்கமும் விடாமல், வழக்கறிஞரிடம் சேருங்கள்.

விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்பவருக்கு?

அதிகபட்சத் தண்டனையில் பாதியைக் கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும் (479, பழைய 436ஏ). திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு என்பதால், முதல்முறையாளர் ஓராண்டு கழித்திருந்தால் போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவருக்கும் இது இல்லை. மனுப் போடும் பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளர் மேலேயே சட்டம் வைத்திருக்கிறது. 2024 ஜூலைக்கு முன் கைதானவர்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

வாய்தாவுக்குப் போக முடியாமல் வாரண்ட் ஆகிவிட்டது.

ஒளியாதீர்கள். வழக்கறிஞரோடு நேரில் ஆஜராகி வாரண்ட் ரீகால் மனுப் போடுங்கள் (72(2)). அன்றே, காரணத்துக்கான ஆதாரத்தோடு போனால் பெரும்பாலும் முடிந்துவிடும்; ஆறு மாதம் கழித்து போலீஸ் பிடித்து வந்தால் மறுபடி சிறைதான். முன்கூட்டியே தெரிந்தால் அன்று காலையே வராமைக்கு அனுமதி கேட்கும் மனு (355, பலரும் "317 பெட்டிஷன்" என்பது இதுதான்) போதும். ஜாமீனில் வந்து வேண்டுமென்றே ஆஜராகாமல் இருப்பது தனிக் குற்றம்: ஓராண்டு வரை சிறை (பி.என்.எஸ். 269). ஜாமீன்தாரர்களுக்கும் தொகை கட்டச் சொல்லி நோட்டீஸ் போகும்.

ஜாமீன் நின்ற நான் விலகிக்கொள்ளலாமா?

விலகலாம். மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம் (489). குற்றம்சாட்டப்பட்டவரை வரவழைத்து வேறு ஜாமீன்தாரர் கேட்பார்கள். தர முடியாவிட்டால் அவர் சிறைக்குப் போவார். ஆள் தலைமறைவான பிறகு விலகிப் பயனில்லை.

கைதானவருக்கு 17 வயது.

வயதுச் சான்றை உடனே காட்டுங்கள்: பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்று. 18 நிறையாதவரை ஸ்டேஷன் லாக்கப்பிலும் சிறையிலும் வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்திடம் கொண்டுபோக வேண்டும். குற்றம் எதுவானாலும் அங்கே ஜாமீன்தான் விதி, மறுக்கக் குறுகிய காரணங்களே உண்டு (2015 இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 12).

தண்டனை விதித்துவிட்டார்கள். இனி ஜாமீன் உண்டா?

உண்டு. ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டு வரை தண்டனை என்றால், மேல்முறையீடு செய்ய அவகாசமாகத் தண்டித்த கோர்ட்டே ஜாமீனில் விடலாம் (430, பழைய 389). தீர்ப்பு நாளன்றே ஜாமீன்தாரர்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருங்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை.

காவலில் இருப்பவர் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு; பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே (1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12). ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தேசிய உதவி எண் 15100. போகும்போது குற்ற எண், ரிமாண்டு தேதி, சிறையின் பெயர், ஏற்கெனவே போட்ட மனுக்களின் விவரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.